பிரேக் மிதித்தால் மாறிய படம்: ஒரு பழைய டொல்பின் வானும் அதன் கமராக் கண்ணாடியும்

வண்டி டொயோட்டா ஹையேஸ். இலங்கையில் எல்லோரும் டொல்பின் என்று சொல்லும் வடிவம். 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், 12 வோல்ட் வயரிங். சொந்தக்காரர் 63 வயதான, ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்; எனக்கு அவர் ‘சேர்’. மனைவியும் ஆசிரியையாக இருந்தவர்; அவர் ‘டீச்சர்’. இருவரும் மட்டக்களப்பு வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம் இருக்கிறார்கள். பின்பக்கம் காட்டும் கமராக் கண்ணாடி ஒன்றைப் பூட்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் அதை நம்ப முடியாமல் அணைத்து வைத்துவிட்டு, பக்கக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து ஓட்டத் தொடங்கியிருந்தார்.

வண்டி வயரிங் வேலையில் எனக்கு இருபது வருட அனுபவம் உண்டு. அப்படியிருந்தும் இந்த வேலையை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு குறை போலத் தெரிந்தது உள்ளே நான்கு குறைகளாக இருந்தது. நான்கில் ஒன்றுகூடக் கண்ணாடிக்குள் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வேறொன்று போட்டிருந்தால் அவருக்குக் காசுதான் போயிருக்கும்.

வானின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு, 2025 தொடக்கம் வரை எங்கள் பகுதியில் கையில் இருந்த வண்டியைக் காப்பாற்றி வைத்தவர்களே அதிகம். சேரும் அப்படித்தான். பின் சீற்றுகளை எடுத்துவிட்டு, பலகைக் கட்டில், அதன் தலைமாட்டில் உயரமான அலுமாரி, ஒரு காஸ் அடுப்பு, 100 ஆம்பியர்-மணி அளவில் இரண்டாவது பற்றரி, கூரையில் சோலார் தகடு என்று தச்சரை வைத்துச் செய்துகொண்டார். திருக்கோவில், மண்டூர், உகந்தை, கதிர்காமம் என்று இருவரும் போய் வண்டியிலேயே படுத்து எழும்பி வருவார்கள். அலுமாரி பின் கண்ணாடியை முழுக்க மறைத்துவிட்டது. உள்ளே இருக்கும் கண்ணாடியில் பார்த்தால் அலுமாரிக் கதவுதான் தெரியும்.

அது பெரிய குறை என்று அவருக்குத் தெரிந்தது கொக்கட்டிச்சோலையில், ஒரு திருவிழா நாளில். ஒழுங்கை ஒன்றுக்குள் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். சைக்கிள் செயின் கழன்று, அதை மாட்டக் குனிந்து நின்ற பொடியன் ஒருவன் வானுக்குப் பின்னால் இருந்திருக்கிறான். இறங்கி நின்ற டீச்சர் கத்திய சத்தத்தில்தான் வண்டி நின்றது. இடைவெளி ஒரு முழம்கூட இல்லை என்று டீச்சர் என்னிடம் சொன்னபோதும் குரல் நடுங்கியது. அடுத்த வாரமே கொழும்பில் ஒரு கடையில் கமராக் கண்ணாடி வாங்கி, அங்கேயே பூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தச் சாமான் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பழைய உள் கண்ணாடியின் மேல் ரப்பர் பட்டியால் கட்டும் ஒரு நீளத் திரை இது. பின்னால் ஒரு சிறு கமரா. இடையில் ஆறு முதல் பத்து மீற்றர் வரை மெல்லிய கேபிள். வண்டி ஓடும்போது பின்வீதியைக் கண்ணாடியில் தெரிவதுபோலவே காட்டிக்கொண்டிருக்கும். கமராவுக்கான மின்சாரம் கண்ணாடியிலிருந்து அந்தக் கேபிள் வழியாகவே போகும். கமராப் பக்கத்தில் தனியாக ஒரு சிவப்பு வயர் நீட்டிக்கொண்டிருக்கும். அதை ரிவர்ஸ் லைற்றின் வயரோடு இணைப்போம். ரிவர்ஸ் கியர் விழுந்து அந்த வயரில் வோல்ட் வந்தவுடன், படம் கீழ்நோக்கி இறங்கி, பம்பர் ஓரத்தையும் தூரக் கோடுகளையும் காட்டும். கார்க் கம்பனிகளே இதைச் செய்யத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நிசான் 2014இல் ஜெனீவா காட்சியில் காட்டியது, கடிலாக் சி.டி.6 கார் 2016இல் இதோடு வந்தது. அவற்றில் கண்ணாடியையும் வண்டியையும் ஒன்றாக யோசித்துச் செய்திருப்பார்கள். நாங்கள் முப்பது வருட வண்டியில் பட்டி போட்டுக் கட்டும்போது, யோசிக்கும் அந்தப் பங்கு பூட்டுகிறவர் கைக்கு வருகிறது.

சேர் குறையைச் சொன்ன விதம் கணக்கு வாத்தியார் சொல்கிற மாதிரியே ஒழுங்காக இருந்தது.

“தம்பி, பின்னால பஸ் வாறதைப் பார்த்துக்கொண்டே பிரேக்கில கால் வைக்கிறன். பஸ் காணாமப் போய் பம்பரும் மஞ்சள் சிவப்புக் கோடும் வருது. காலை எடுத்தா திரும்பப் பஸ் வருது.”

“எப்பவுமா சேர்?”

“பகல்ல சில நேரம் வரும், சில நேரம் வராது. இரவில லைற் போட்டிருந்தா ஒவ்வொரு தரமும் வரும்.”

அந்த இரண்டாவது பதில்தான் பாதி வேலையை முடித்தது. வேறு இரண்டு முறைப்பாடும் இருந்தன. எஞ்சின் ஓடும்போது படத்தில் சாய்வாகக் கோடுகள் ஊர்கின்றன. அக்சிலேற்றரை மிதித்தால் கோடுகள் வேகமாகின்றன. ரேடியோவில் தென்றல் அலைவரிசை கேட்டால் இரைச்சல். கடைசியாக, “எல்லாம் சரியா இருக்கிற நேரத்திலயும் படம் கலங்கலாத்தான் தம்பி இருக்கு.” அதைச் சொல்லும்போது அவர் கொஞ்சம் தயங்கினார்.

முதலில் நான் எந்த வயரையும் தொடவில்லை. என்னோடு நிற்கும் பொடியனை வானுக்குப் பின்னால், ட்ரைவர் பக்கமாக நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொன்னேன். திரையில் அவன் இடது பக்கம் நின்றான். அதாவது படம் புரட்டப்படவில்லை. சாதாரணக் கண்ணாடியில் வலப்பக்கத்து ஆள் வலப்பக்கம்தான் தெரிவார். பின்னால் வரும் வண்டியின் நம்பர் இடம்வலம் மாறித் தெரியும். கண்ணாடியாகப் பாவிக்கும் திரையிலும் அப்படித்தான் தெரிய வேண்டும். இதில் நம்பர் நேராக, வாசிக்கக்கூடியதாக இருந்தது. பூட்டியவருக்கு அது சரியான படமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்தப் படத்தை நம்பி, இடப்பக்கம் மோட்டார் சைக்கிள் வருகிறது என்று வலப்பக்கம் ஒதுங்கினால் என்ன நடக்கும்?

டீச்சர் உடனே சொன்னார்: “அதுதான் களுவாஞ்சிக்குடியில அந்தப் பைக் காரன் ஹோர்ன் அடிச்சு ஏசிப்போட்டுப் போனவன்.” சேர் ஒன்றும் பேசவில்லை. கமராக் கேபிளில் இதற்கென்றே சிறு வயர் வளையம் ஒன்று இருந்தது. அதை வெட்டியவுடன் படம் புரண்டது. இரண்டு நிமிட வேலை. இரண்டு மாதம் அவர் அந்த ஆபத்தோடு ஓடியிருக்கிறார்.

இனி பிரேக். ரிவர்ஸ் வயரில் மீற்றரை வைத்தேன். கியர் நியூட்ரலில். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்: 2.6 வோல்ட். ரிவர்ஸ் போடாதபோது அங்கே பூச்சியம்தான் இருக்க வேண்டும். பார்க் லைற்றையும் போட்டு மிதிக்கச் சொன்னேன்: 3.8. இந்தக் கண்ணாடி மூன்று வோல்ட் அளவிலேயே ‘ரிவர்ஸ் விழுந்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டது. பகலில் 2.6 என்பது எல்லைக்குக் கிட்ட நின்று ஆடியது. அதனால்தான் சில நேரம் வந்தது, சில நேரம் வரவில்லை. இரவில் எல்லை தாண்டியது. சேர் சொன்னதும் மீற்றர் சொன்னதும் ஒன்றே.

பிரேக் வயரும் ரிவர்ஸ் வயரும் எங்கும் தொடாமல் இருக்கும்போது இது எப்படி நடக்கிறது? இடது பின் லைற் கூட்டுக்குள் பிரேக், பார்க், சிக்னல், ரிவர்ஸ் நான்கு பல்புக்கும் ஏர்த், அதாவது மின்சாரம் வண்டி உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு, ஒன்றுதான். அந்த ஏர்த் அறுந்துபோனாலோ துருவில் மாட்டிக்கொண்டாலோ, பிரேக் பல்புக்குள் வந்த மின்சாரம் போக வழியில்லாமல் நிற்கும். அது பக்கத்துப் பல்புகளின் இழைகளுக்குள் பின்பக்கமாகப் புகும். ரிவர்ஸ் பல்பின் இழை வழியாக ரிவர்ஸ் வயருக்கு வந்து, அங்கிருந்து வலது பக்க ரிவர்ஸ் பல்புக்குப் போய், அந்தப் பக்கத்து நல்ல ஏர்த்தில் இறங்கும். ஒரே அளவு இழை மூன்று தொடராக நின்றால் 12 வோல்ட்டும் மூன்றாகப் பிரியும். நடுவில் இருக்கும் ரிவர்ஸ் வயரில் நான்கு வோல்ட் அளவு நிற்கும். பகலில் கொஞ்சம் பார்க் வயர் வழியாகவும் கசிவதால் குறைகிறது. பார்க் லைற்றைப் போட்டால் அந்த வழி அடைபடுகிறது, ரிவர்ஸ் வயரில் ஏறுகிறது. சேருக்கு இதைக் காகிதத்தில் கீறிக் காட்டினேன். அவர் பேனையை வாங்கி மூன்று தடைகளையும் எழுதி, “சரிதான்” என்றார். அன்றைய நாளில் அவர் முகம் தெளிந்தது அப்போதுதான்.

ஏர்த்தைப் பார்க்க வேண்டியதற்கு மீற்றரை ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது போதாது. துருப்பிடித்த ஒரு முனை, ஓட்டம் இல்லாதபோது நல்லதாகவே காட்டும். பல்பை எரிய விட்டு, லைற் கூட்டின் ஏர்த் முனைக்கும் பற்றரியின் நெகட்டிவுக்கும் இடையில் வோல்ட் பார்க்க வேண்டும். நல்ல ஏர்த்தில் புள்ளி ஒன்று, புள்ளி இரண்டுக்குள் இருக்கும். இங்கே பார்க் லைற்றோடு பிரேக்கை மிதித்தபோது ஏழு வோல்ட்டுக்கு மேல் நின்றது. பின் தூணில் ஏர்த் ஸ்குரூவைத் திருப்பினேன். தலை கையோடு வந்துவிட்டது. உள்ளே செம்மண் போலத் துரு. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கும் ஊரில் ஓடும் வண்டி. உப்புக் காற்று முதலில் தின்பது இந்த மாதிரி இடங்களைத்தான். இரும்பு தெரியும்வரை சுரண்டி, பக்கத்தில் புதிய துளை போட்டு, புதிய வளைய முனையும் தடித்த வயரும் வைத்து, ஈயம் பற்றி, மேலே கிறீஸ் பூசினேன். வலப்பக்கத்து ஏர்த்தும் நல்லது போலத் தெரிந்தாலும் அதையும் புதிதாக்கினேன். பிறகு பிரேக்கை மிதித்தால் ரிவர்ஸ் வயரில் பூச்சியம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்படிக் குறை வரும்போது சிலர் செய்வது வேறு. சிவப்பு வயரில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, குறைந்த வோல்ட்டுக்கு அது இழுக்காதபடி செய்துவிடுவார்கள். படம் மாறுவது நின்றுவிடும். ஆனால் அந்த வானின் இடது பிரேக் லைற் அத்தனை நாளும் மங்கித்தான் எரிந்திருக்கிறது. கமராக் கண்ணாடி அதைக் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுத்த வாயை அடைத்துவிட்டு வண்டியைக் கொடுப்பது சரியான வேலை அல்ல. பின்னால் வரும் பஸ் ட்ரைவருக்கு அந்த பிரேக் லைற் தெரிய வேண்டும்.

கோடுகளுக்கு அவ்வளவு யோசனை தேவைப்படவில்லை. எஞ்சினை நிறுத்தினால் கோடு இல்லை, ஆகவே டைனமோப் பக்கத்து இரைச்சல். கமராவை ஸ்குரூவிலிருந்து கழற்றி, துணி சுற்றிக் கையில் பிடிக்கச் சொன்னேன். கோடு பாதியாகக் குறைந்தது. கமராவின் இரும்பு உடல் வண்டி உடலைத் தொட்டு, கண்ணாடிப் பக்க ஏர்த்தோடு இரண்டாவது பாதை ஒன்றைப் போட்டிருந்தது. ரப்பர் துண்டும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்துத் தனிமைப்படுத்தினேன். மீதிப் பாதிக்குக் காரணம் கட்டிலுக்குக் கீழே இருந்தது. மிச்சக் கேபிளை மூன்று மீற்றர் அளவுக்குச் சுருட்டி, இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில், இரண்டாவது பற்றரிக்குப் போகும் தடித்த வயரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள். அதை எடுத்து, வலப்பக்கமாகக் கூரை உறைக்குள் கொண்டுபோய், மிச்சத்தைச் சுருளாக்காமல் நீளவாக்கில் மடித்துக் கிடத்தினேன். சிகரெட் சொக்கெட்டில் செருகியிருந்த மலிவான சார்ஜரையும் நீக்கி, பியூஸ் பெட்டியிலிருந்து 3 ஆம்பியர் பியூஸோடு நல்ல 5 வோல்ட் மாற்றி ஒன்று வைத்தேன். ரேடியோ இரைச்சலும் அதோடு போனது.

அப்புறம் கலங்கல்.

மாலையில் சேரை ஓட்டவைத்து, கல்லடிப் பாலத்துக்கு மேலாகப் போய்த் திரும்பி வந்தோம். படம் மாறவில்லை, கோடு இல்லை, வலது வலதாகவும் இடது இடதாகவும் இருந்தது. எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. “எப்பிடி சேர்?” என்றேன். “நல்லாயிருக்கு” என்றார். ஆனால் அவர் கண்கள் திரைக்குப் போய் ஒரு கணம் நின்று, சுருங்கி, பிறகு பக்கக் கண்ணாடிக்குப் போவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். மரியாதைக்காகச் சொன்ன ‘நல்லாயிருக்கு’ அது.

கமராவின் வில்லையைத் துடைத்தேன், திரையின் வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். ஒன்றும் மாறவில்லை. டீச்சர்தான் வழி காட்டினார். “இவர் பேப்பரையும் இப்பிடித்தான் கையை நீட்டி வச்சு வாசிக்கிறவர்” என்றார்.

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, கிட்டப் பொருளுக்குத் தன்னை மாற்றிக்கொள்ள முடியாமல் போவது. கமராத் திரையைக் கண்ணாடி என்று நாங்கள் சொன்னாலும் கண்ணுக்கு அது கண்ணாடி இல்லை. சாதாரணக் கண்ணாடியில் முப்பது மீற்றர் பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்கும்போது, கண் முப்பது மீற்றர் தூரத்தைப் பார்ப்பதுபோலவே பார்க்கிறது. கண்ணாடி கிட்ட இருந்தாலும் அதற்குள் தெரியும் பஸ் தூரத்தில்தான் இருக்கிறது. வீதியைப் பார்த்த கண் எதையும் மாற்றாமல் அதையும் பார்த்துவிடும். திரையில் அப்படி இல்லை. பஸ்ஸின் படம் திரையின் முகத்தில் இருக்கிறது. திரை எவ்வளவு கிட்டவோ அவ்வளவு கிட்டக் கண் பார்க்க வேண்டும். இளம் கண் அதை உணராமலே செய்யும். அறுபது வயதுக் கண்ணால் முடியாது. இருபது வருடம் இந்த வேலை செய்தும், இதை நான் ஒரு பூட்டும் பிரச்சினையாக அதுவரை நினைத்ததில்லை. திரை பளிச்சென்று எனக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தேன்.

டொல்பினில் ட்ரைவர் முன் கண்ணாடிக்கு மிகக் கிட்ட இருக்கிறார். எஞ்சின் சீற்றுக்குக் கீழே. உள் கண்ணாடி கூரை ஓரத்தில் ஸ்குரூவால் பூட்டியது. சேரின் கண்ணிலிருந்து திரைக்கு அளந்தேன்: 52 சென்ரிமீற்றர். அவர் மூக்குக் கண்ணாடி இரட்டைப் பார்வை. கிட்டப் பார்க்கும் பகுதி கீழே. திரையோ மேலே. அதைக் கீழ்ப்பகுதியால் பார்க்க வேண்டுமானால் ஓட்டும்போது தாடையைத் தூக்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை.

அவர் தொலைபேசியில் ஒரு வண்டி நம்பரின் படத்தைப் போட்டு, அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நகர்த்திப் பார்த்தோம். 50இல் எழுத்து இரண்டாகத் தெரிந்தது. 60இல் ஊகித்தார். 70இல் வாசித்தார். 80இல் இன்னும் நன்றாக இருந்தது, ஆனால் எழுத்து சிறுத்தது. படம் தெரியவில்லை என்றால் திரையைக் கிட்டக் கொண்டுவரத்தான் யாருக்கும் தோன்றும். இங்கே செய்ய வேண்டியது அதற்கு மாறானது. திரை தள்ளிப் போக வேண்டும்.

ரப்பர் பட்டியைக் கழற்றினேன். பழைய உள் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, முன் கண்ணாடியின் நடுக்கோட்டிலிருந்து சற்று இடப்பக்கமாக, ஒட்டும் உலோகத் தகடு ஒன்றை வைத்து அதில் தாங்கி பூட்டினேன். வீதிப் பார்வையை மறைக்காத உயரத்தில்தான். கண்ணுக்கும் திரைக்கும் இப்போது 71 சென்ரிமீற்றர். இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. வண்டி நின்று டீசல் எஞ்சின் மட்டும் ஓடும்போது வரும் அதிர்வில் பட்டி கட்டிய திரை ஆடும். ஆடும் படம் கலங்கிய கண்ணுக்கு மேலும் கலங்கும். முன் கண்ணாடியில் ஒட்டிய தாங்கியில் அந்த ஆட்டம் மிகக் குறைவு. பசை பிடிக்க ஒரு இரவு விடவேண்டும். வண்டியை நிழலில் நிறுத்தி அடுத்த நாள்தான் திரையை ஏற்றினேன். கண் பரிசோதிக்கிறவரிடம் போய், 70 சென்ரிமீற்றரில் திரை பார்த்து ஓட்டுகிறேன் என்று அந்த எண்ணையே சொல்லிக் கேட்கும்படி சேரிடம் சொன்னேன். போனார்.

பின்னால் எடுக்கும்போது எவ்வளவு தெரிகிறது என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து ‘சரி’ சொல்ல நான் விரும்பவில்லை. அமெரிக்காவில் 2018 மே 1 முதல் புதிய சிறு வாகனங்கள் எல்லாவற்றுக்கும் பின்கமரா கட்டாயம். அந்தச் சட்டம் கேட்பது வண்டிக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளம் உள்ள ஒரு பகுதி தெரிய வேண்டும் என்பது. ரிவர்ஸ் போட்டு இரண்டு வினாடிக்குள் படமும் வர வேண்டும். எங்கள் வண்டிக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் அளவு நல்ல அளவு. கராஜ் வளவில் தும்புக் கயிற்றால் அந்த நீள்சதுரத்தைப் போட்டு, மூலைகளில் தண்ணிக் கலன்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒரு சிறுபிள்ளையின் உயரத்துக்கு நிறுத்தினோம். தூர மூலைகள் தெரிந்தன. பம்பருக்குக் கிட்ட, இரண்டு பக்க மூலையும் தெரியவில்லை. கமராவை ஒரு பாகை அளவு கீழே சாய்த்த பிறகு தெரிந்தது. பிறகு பொடியனைச் சைக்கிள் மாட்டுவதுபோலக் குனிந்து நிற்கச் சொன்னேன். தெரிந்தான். டீச்சர் இறங்கி வந்து தானே சீற்றில் இருந்து பார்த்தார்.

நேரம்தான் சிக்கல். கியர் விழுந்தவுடன் படம் மாறுகிறது. ஆனால் கண்ணாடி உயிர் பெற ஒன்பது வினாடி எடுக்கிறது. இந்த எஞ்சினுக்குச் சாவியைத் திருப்பி, ஹீற்றர் லைற் அணையும்வரை காத்திருந்துதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அந்த நேரத்தில் கண்ணாடி எழும்பிவிடும் என்று நினைக்கலாம். இல்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அக்சசரி வயரில் மின்சாரம் அறுகிறது. கண்ணாடி அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே எஞ்சின் பிடித்த பிறகு பத்து வரை எண்ணிவிட்டுத்தான் ரிவர்ஸ் போட வேண்டும். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு யாரும் பின்னால் எடுக்கக் கூடாது. டீச்சர் அதை ஒரு சிறு கடதாசியில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினார்: “பத்து எண்ணுங்கோ.”

வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் காவல் முறை ஒன்று இந்தக் கண்ணாடியில் உண்டு. சேர் அதைக் கேட்டார். மீற்றரை வைத்துப் பார்த்தால் 0.6 ஆம்பியர் இழுக்கிறது. ஒரு நாளுக்கு 14 ஆம்பியர்-மணிக்கு மேல். உகந்தையில் மூன்று நாள் நிறுத்தினால் ஸ்டார்ட் பற்றரியில் என்ன மிஞ்சும் என்று அவரே கணக்குப் பார்த்து, வேண்டாம் என்றார். அத்தோடு, மூடிய வானுக்குள் கச்சான் காற்றுக் காலத்து வெப்பத்தில், உள்ளே லித்தியம் பற்றரி வைத்த சாமான்கள் உப்பிப் போவதை நான் கண்டிருக்கிறேன். இறங்கும்போது வெயில் மறைப்பை முன் கண்ணாடிக்குப் போட்டுவிடுங்கோ என்று சொல்லி அனுப்பினேன்.

ஆடியில் இருவரும் உகந்தைக்குப் போனார்கள். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி, பொத்துவில் வரை தார் வீதியில் எல்லாம் நன்றாக இருந்திருக்கிறது. பாணமை தாண்டிய மண் பாதையில் கால் மணித்தியாலத்தில் திரை வெள்ளையாகிவிட்டது. கமராவை நான் நம்பர் தட்டுக்கு மேலே, முதலில் இருந்த இடத்திலேயே விட்டிருந்தேன். தட்டையான முதுகுள்ள வான் ஓடும்போது பின்னால் காற்று சுழன்று தூசியை மேலே இழுக்கும். அதில் அதிகம் பூசிக்கொள்வது கீழ்ப்பகுதி. கமராவின் இடத்தை நான் முதல் நாளே மாற்றியிருக்க வேண்டும். உகந்தைக் கோயில் வாசலில், குமணைக் காட்டுக்குள் நடந்து போகும் பாதயாத்திரைக்காரர் கூட்டத்துக்கு நடுவில் வண்டியைத் திருப்பும்போது, டீச்சர் இறங்கி ஈரத்துணியால் கமராவைத் துடைத்துவிட்டு, பின்னாலேயே நின்று கை காட்டியிருக்கிறார்.

திரும்பி வந்த வாரம் கமராவை டிக்கிக் கதவின் மேல் ஓரத்துக்கு மாற்றினேன். மேலே சிறு மழைமறைப்பு. துளை போட்ட இடத்தில் உடனே பிறைமர் அடித்தேன், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்குள் துரு அங்கே வீடு கட்டும். கதவு திறந்து மூடும் இடத்தில் கேபிளைப் பழைய ரப்பர் குழாய்க்குள்ளேயே விட்டு, கதவு முழுதாகத் தூக்கும்போதும் இறுகாதபடி தாராளம் வைத்தேன். உயரத்திலிருந்து பார்ப்பதால் பின்னால் நிற்கும் காரின் கூரைக்கு மேலாலும் தெரிகிறது. ஆனால் வண்டிகள் சாதாரணக் கண்ணாடியில் தெரிவதைவிடச் சிறிதாகவும் தூரமாகவும் தோன்றும். அகல வில்லை அப்படித்தான் காட்டும். தூரத்தைப் பக்கக் கண்ணாடியில் பாருங்கோ, ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதைத் திரையில் பாருங்கோ என்று சேரிடம் சொன்னேன். கயிற்று நீள்சதுரத்தை மறுபடியும் போட்டோம். நான்கு மூலையும் தெரிந்தன.

புதிய மூக்குக் கண்ணாடியும் வந்துவிட்டது. நடுத்தூரத்துக்கென்று மேல்பகுதியில் சிறு இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள். முதல் வாரம் தலை சுற்றியதாம், இப்போது பழகிவிட்டது என்றார். கழற்றிய பழைய உள் கண்ணாடியை டீச்சர் எறிய விடவில்லை. சேரின் சீற்றுக்கு மேலே ஒரு சிறு தாங்கியில் அதைப் பூட்டிக் கொடுத்தேன்; பின் கட்டிலில் பேரப்பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அதில் பார்க்கலாம். இடது டிக்கி கீலில் துரு தொடங்கியிருக்கிறது. ஐப்பசி மழை பிடிக்க முன்னர் அதைக் கழற்றிப் பார்க்க வண்டியை மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.